கொடி தெரிகிறது, வண்டி எங்கே?

போட்டித் தேர்வுகளுக்கென்று அச்சிடப்படும் பொது அறிவு நூல் ஏதேனும் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். அண்டார்க்டிகா என்ற தலைப்பின்கீழ் மூன்று வினாக்கள் பெரும்பாலும் இருக்கும். இந்தியா அங்கே அமைத்த முதல் ஆய்வு நிலையம் எது? தட்சிண கங்கோத்ரி. இரண்டாவது? மைத்ரி. மூன்றாவது? பாரதி. மூன்று விடைகளும் சரியானவையே. ஆனால் இவற்றை மனப்பாடம் செய்து ஒப்பித்த மாணவருக்கு அண்டார்க்டிகாவைப் பற்றி என்ன தெரிந்திருக்கிறது? முதல் நிலையம் இருக்கும்போது இரண்டாவது எதற்கு வந்தது என்ற கேள்விக்கு அந்த நூலில் ஒரு வரியாவது விடை உண்டா?

இல்லை என்பதே என் குறை. பொது அறிவு நூல்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. பனிக்கண்டத்தைப் பற்றித் தமிழில் நாம் வழக்கமாகப் படிக்கும் கதைகளும் இப்படித்தான் எழுதப்படுகின்றன. வீரர்கள் வருகிறார்கள், குளிரில் வாடுகிறார்கள், கொடியை நடுகிறார்கள், கதை முடிகிறது. அந்தக் கொடிக்கம்பம் கப்பலிலிருந்து அந்த இடத்துக்கு எப்படி வந்தது? அங்கே ஓராண்டு தங்கப்போகிறவர்களின் அரிசியும் எண்ணெயும் மின்னாக்கியும் எதில் ஏறி வந்தன? கதைகள் இங்கே மௌனமாகி விடுகின்றன. துருவ ஆராய்ச்சியின் பெரும்பகுதி இந்த மௌனத்துக்குள்தான் இருக்கிறது என்று காட்டவே இக்கட்டுரை.

திருப்பூர் வட்டாரத்து வாசகர்களுக்கு இதை விளக்குவது எளிது. பின்னல் துணி ஆலையிலிருந்து சாயப்பட்டறைக்கும், கட்டிங்கிலிருந்து தையலுக்கும், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஒவ்வொரு கட்டமாகவும் சரக்கு நகர்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அட்டைப் பெட்டிகள் கண்டெய்னரில் ஏறி, முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடித் தூத்துக்குடி சேர்ந்து கப்பல் பிடிக்க வேண்டும். கப்பல் தேதி தவறினால் விமானத்தில் அனுப்ப வேண்டியதுதான். அந்த ஷிப்மெண்டில் கிடைக்கவிருந்த லாபம் விமானக் கட்டணத்தில் போய்விடும். தைப்பது ஒரு வேலை, கொண்டுபோய்ச் சேர்ப்பது இன்னொரு வேலை என்பதை இங்கே யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

அண்டார்க்டிகாவுக்கும் கப்பல் தேதி உண்டு. டிசம்பர் முதல் மார்ச் வரை, தென்கோளத்தின் கோடையில், கடற்பனி விலகும் சில வாரங்களே கப்பல் கரையை நெருங்க முடியும். அங்கே துறைமுகம் இல்லை, பாரந்தூக்கி இல்லை, சாலையும் இல்லை. கப்பல் பனிக்கட்டியின் விளிம்பை ஒட்டி நிற்கும். சரக்கை அங்கே இறக்கி வைக்க வேண்டும். அதற்கப்பால் இழுத்துச் செல்லும் வேலை டிராக்டருடையது.

துருவக் கதைகளில் மிகுதியாகச் சொல்லப்படுவது ஸ்காட், அமுண்ட்சன் கதை. நாய்கள் வென்றன, குதிரைகள் தோற்றன, மனிதர் மாண்டனர் என்று மூன்று சொற்றொடரில் அதை முடித்து விடுவார்கள். ஸ்காட் 1910இல் புறப்பட்டபோது எஞ்சின் பூட்டிய பனிச்சறுக்கு வண்டிகள் மூன்றையும் கொண்டு சென்றார் என்பது கதையின் ஓரத்தில் ஒதுங்கி விடுகிறது. சங்கிலிப் பட்டையின்மேல் ஓடும் வண்டிகள் அவை. மூன்றில் ஒன்று, 1911 ஜனவரியில் கப்பலிலிருந்து இறக்கி இழுத்துச் செல்லும்போதே கடற்பனியை உடைத்துக்கொண்டு மூழ்கிப்போனது. மற்ற இரண்டும் அக்டோபர் இறுதியில் பயணம் தொடங்கிச் சிறிது தொலைவிலேயே பழுதாகி நின்றன. காரணம் வியப்பானது: உறைபனியின் நடுவே எஞ்சின் உருளைகள் அளவுக்கு மீறிச் சூடேறின! காற்றினால் குளிர்விக்கப்பட்ட எஞ்சின், பின்பக்க உருளைகளுக்குக் காற்று போதவில்லை. இன்னொரு செய்தியும் உண்டு. இந்த வண்டிகளை உருவாக்குவதில் பங்குகொண்ட ரெஜினால்ட் ஸ்கெல்டன் என்ற கடற்படைப் பொறியாளர் பயணத்தில் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. பதவி வரிசையில் யார் மேல், யார் கீழ் என்ற சிக்கலால் அவர் விடுபட்டார். எந்திரத்தை அறிந்தவரைக் கரையில் விட்டுவிட்டு எந்திரத்தை மட்டும் ஏற்றிச் சென்ற பயணம் அது. நாய்க்கும் குதிரைக்கும் நடந்த போட்டியைவிட இதில் கற்க வேண்டியது அதிகம் என்பேன்.

பாரமான வண்டி பனியில் ஏன் புதைகிறது? இது நம் எட்டாம் வகுப்பு அழுத்தப் பாடம்தான். எடையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம். அறுபது கிலோ எடையுள்ள ஒருவரின் இரு பாதங்களும் சேர்ந்து 400 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அவர் தரையில் செலுத்தும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.15 கிலோ. சரக்கு லாரியின் சக்கரம், ஏறக்குறைய அதன் டயரிலுள்ள காற்றழுத்தத்துக்குச் சமமாகத் தரையை அழுத்தும். அது 7 கிலோ அளவுக்கு வரும். மிருதுவான பனியில் லாரி அந்த இடத்திலேயே அமிழ்ந்துவிடும். முப்பது டன் எடையுள்ள ஒரு சங்கிலி டிராக்டரின் ஒவ்வொரு பட்டையும் 1.3 மீட்டர் அகலமும் தரையைத் தொடும் நீளம் 3 மீட்டரும் என்றால், இரு பட்டைக்கும் 78,000 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் 0.4 கிலோவுக்கும் குறைவு. முப்பது டன் எந்திரம், ஒற்றைக் காலை ஊன்றி நடக்கும் மனிதனைவிடச் சற்றே கூடுதலாகத்தான் பனியை அழுத்துகிறது!

இக்கணக்கைப் புறக்கணித்தவர்களும் உண்டு. அமெரிக்கரான தாமஸ் பூல்ட்டர் வடிவமைத்து, 1939இல் அட்மிரல் பேர்டின் பயணத்துடன் அனுப்பப்பட்ட ‘ஸ்னோ க்ரூஸர்’ என்ற ராட்சத வண்டி அவ்வகையில் புகழ்பெற்றது. 17 மீட்டர் நீளம், 34 டன் எடை, ஆளை விடப் பெரிதாக 3 மீட்டர் உயரமுள்ள நான்கு வழவழப்பான டயர்கள். உள்ளே படுக்கையும் சமையலறையும், மேல்கூரையில் ஒரு விமானமும்! சிகாகோவிலிருந்து பாஸ்டன் துறைமுகம்வரை அது சாலையில் ஓடியதை மக்கள் திரண்டு வேடிக்கை பார்த்தனர். அண்டார்க்டிகாவில் இறக்கியதும் டயர்கள் புதைந்து சுழன்றன. உபரி டயர்களை முன்சக்கரங்களோடு சேர்த்துக் கட்டினார்கள், பின்சக்கரங்களில் சங்கிலி சுற்றினார்கள். பின்னோக்கி ஓட்டினால் மட்டும் ஓரளவு நகர்ந்தது. அதன் மிக நீண்ட பயணமே 148 கிலோமீட்டர்; அதுவும் பின்னோக்கி! பின்னர் கைவிடப்பட்டுப் பனியில் மறைந்தது. நமது சஞ்சிகைகளில் இதன் படம் ‘அதிசய வாகனம்’ என்ற தலைப்பில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதிசயம்தான். ஆனால் அது ஓடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் படத்துக்குப் பயன் இருந்திருக்கும்.

ஓட்டுநர்கள்

1957-58ஆம் ஆண்டு சர்வதேச புவி இயற்பியல் ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. அதற்காகப் பன்னிரண்டு நாடுகள் அண்டார்க்டிகாவில் ஆய்வு நடத்தின. டன் கணக்கில் சரக்கு போய்ச் சேர வேண்டியிருந்தது. அமெரிக்கர்கள் கேட்டர்பில்லர் நிறுவனத்தின் டி-8 வகை டிராக்டர்களுக்கு மிக அகலமான பட்டைகள் பொருத்திக் கொண்டுவந்தார்கள். நம் ஊரில் குளம் வெட்டவும் மேடு தட்டவும் வரும் புல்டோசரின் உறவுதான் அது.

1956 ஜனவரி 6ஆம் நாள், மக்மர்டோ நீரிணைப் பகுதியில் ரிச்சர்ட் வில்லியம்ஸ் என்ற ஓட்டுநர் இத்தகைய டிராக்டரை ஓட்டிச் செல்கையில் கடற்பனி பிளந்து வண்டியோடு மூழ்கினார். பதினைந்தே நாட்களுக்குப் பின், ஜனவரி 21இல், கண்டத்தின் மறுபுறத்தில் சோவியத் நாட்டினர் மிர்னி நிலையத்தைக் கட்டிக்கொண்டிருந்த இடத்தில் இவான் க்மாரா என்ற டிராக்டர் ஓட்டுநர் அதே விதமாகப் பனி உடைந்து மாண்டார். மார்ச் 5இல் மாக்ஸ் கீல் என்ற அமெரிக்க ஓட்டுநர், பனிப்பிளவு ஒன்றை நிரப்பி வழி செய்து கொண்டிருந்தபோது புல்டோசரோடு பிளவுக்குள் விழுந்து உயிர் நீத்தார். ஒன்றுக்கொன்று பகையான இரண்டு வல்லரசுகள். இரண்டும் ஒரே கோடையில் பறிகொடுத்தது டிராக்டர் ஓட்டுநர்களை. இன்று வில்லியம்ஸ் பெயரில் ஒரு விமானத் தளமும், க்மாரா பெயரில் ஒரு தீவும், கீல் பெயரில் ஒரு பனியாறும் அங்கே உள்ளன. நிலப்படம் அவர்களை நினைவில் வைத்திருக்கிறது. நம் கட்டுரைகளில் அவர்கள் பெயரை நான் கண்டதில்லை.

இந்த மூன்று சாவுகளும் இருவேறு ஆபத்துகளைக் காட்டுகின்றன. ஒன்று கடற்பனி. கடல்நீரின் மேல்தோல் உறைந்து உண்டாகும் பலகை போன்றது அது. கோடை முற்ற முற்ற அடியிலிருந்து இளகி வலுவிழக்கும். கப்பல் வரக்கூடிய காலமும் பனி வலுவிழக்கும் காலமும் ஒன்றாகவே இருப்பது இயற்கையின் குறும்பு. மற்றொன்று பனிப்பிளவு. நகரும் பனியாற்றில் விழும் ஆழமான வெடிப்பு. அதன் வாயைப் புதுப்பனி ஒரு கூரைபோல மூடிவிடும். நடந்து செல்பவரைத் தாங்கும் கூரை டிராக்டரைத் தாங்காது. ஆகவே பாரவண்டி என்பது பனிக்கண்டத்தில் வரமும் சாபமும் ஒருங்கே ஆனது.

அடுத்து எரிபொருள் கணக்கு. மாணவர்கள் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டிராக்டர் 10 டன் இழுக்கிறது, கிலோமீட்டருக்கு 4 லிட்டர் குடிக்கிறது என்று வசதிக்காக வைத்துக்கொள்வோம். வழியில் எரிபொருள் நிலையம் கிடையாது. போக வர வேண்டியதைத் தானே சுமக்க வேண்டும். ஒரு லிட்டர் எரிபொருளின் எடை 0.8 கிலோ. ஆயிரம் கிலோமீட்டர் உள்ளே இருக்கும் நிலையத்துக்குப் போய்த் திரும்ப 8,000 லிட்டர், அதாவது 6.4 டன். இழுத்த பத்து டன்னில் 3.6 டன்தான் உண்மையான சரக்கு. நிலையம் 1,400 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால்? போக வர 11,200 லிட்டர், ஏறக்குறைய 9 டன். மிஞ்சுவது ஒரே டன்!

1,400 கிலோமீட்டர் என்பது நான் இட்டுக்கட்டிய தொலைவன்று. சோவியத் நாடு 1957 டிசம்பரில் தொடங்கிய வோஸ்டாக் நிலையம், கடலோர மிர்னியிலிருந்து ஏறக்குறைய அத்தனை தூரம். கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 3,490 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டாவைவிட 850 மீட்டர் கூடுதல்; அங்கே காற்று மெலிந்து எஞ்சினின் விசை குறையும். 1983 ஜூலை 21இல் மைனஸ் 89.2 டிகிரி செல்சியஸ் பதிவானதும் அங்கேதான். இந்த நிலையத்துக்குப் பல்லாண்டுகள் டிராக்டர் வரிசைகளே உணவும் எண்ணெயும் கொண்டுசேர்த்தன. பீரங்கி இழுக்கும் ராணுவ டிராக்டரின் அடிச்சட்டத்தின்மேல், உக்ரைனிலுள்ள கார்கோவ் நகரத் தொழிற்சாலை ‘கார்கோவ்சாங்கா’ என்ற 35 டன் வண்டியைக் கட்டியது. உள்ளேயே தூங்கவும் சமைக்கவும் இடம் கொண்ட ஓடும் வீடு. 1959 டிசம்பரில் இவ்வண்டிகள் தென்துருவத்தையே எட்டின. ஸ்னோ க்ரூஸர் கனவு கண்டதைச் சங்கிலிப் பட்டை நடத்திக் காட்டியது என்று சொல்லலாம்.

குளிர் எரிபொருளையும் விட்டு வைப்பதில்லை. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் போத்தலில் உறைந்திருப்பதைப் பார்க்கிறோம் அல்லவா? டீசலிலும் மெழுகுத் தன்மையுள்ள பொருள்கள் உண்டு. குளிரில் அவை பிரிந்து வடிகட்டியை அடைத்துவிடும். ஆதலால் மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த இலகுவான எரிபொருளே துருவ வண்டிகளுக்கு ஏற்றது. ரப்பர் விறைக்கும், சாதாரண எஃகு, கண்ணாடி போல நொறுங்கும் குணம் பெறும். பழுது பார்ப்பவர் ஒரு திருகை முடுக்கத் தடித்த கையுறையைக் கழற்றினால் விரல் உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

நம் தொழிலைத் தொட்டு இங்கே ஒரு வார்த்தை. பனியில் திருகு முடுக்குபவருக்குக் குளிரோடு வியர்வையும் பகை. பின்னல் துணியின் கண்ணிகள் காற்றை அடைத்து வைத்துக்கொள்வதால் அது கதகதப்புத் தருகிறது. ஆனால் பருத்தி வியர்வையை உறிஞ்சி நனைந்து உடலோடு ஒட்டிவிட்டால் அக்காற்று போய்விடும். ஆகவே துருவத்தில் உடலை ஒட்டி அணியும் பனியன் பருத்தியாக இருக்கலாகாது. கம்பளியோ, ஈரத்தை வெளித்தள்ளும் செயற்கை இழையோ வேண்டும். பருத்தி பனியனால் உலகறிந்த ஊர் இதை அறிந்துகொள்வதில் தவறில்லை.

டிராக்டர் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஒரு சின்ன வண்டியைப் பற்றியது. எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹில்லரி 1957 அக்டோபரில் ஸ்காட் தளத்திலிருந்து புறப்பட்டு, 1958 ஜனவரி 4இல் தென்துருவம் சேர்ந்தார். அவர் ஓட்டிச் சென்றவை பெர்குசன் டி.இ.20 என்ற சாதாரண உழவு டிராக்டர்கள். சக்கரங்களைச் சுற்றி ரப்பர் பட்டை மாட்டினார்கள். மூடிய அறை கிடையாது, காற்றுக்குக் கித்தான் மறைப்பு மட்டும். ஒன்று பிளவில் விழுந்தால் மற்றவை தாங்கிப் பிடிக்கும்படி வண்டிகளைக் கயிற்றால் பிணைத்திருந்தார்கள். துருவத்தை அடைந்தபோது கையிருப்பில் இருந்த எரிபொருள் ஏறக்குறைய 90 லிட்டர்! கண்டத்தின் மறுபுறத்திலிருந்து அகன்ற பட்டை கொண்ட ஸ்னோகேட் வண்டிகளில் வந்த விவியன் ஃபூக்ஸ் ஜனவரி 19இல் துருவம் வந்தார். 99 நாட்களில் கண்டத்தையே குறுக்காகக் கடந்து மார்ச் 2இல் பயணத்தை முடித்தார். அக்காலச் செய்தித்தாள்கள் இதை ஹில்லரி, ஃபூக்ஸ் பந்தயமாக்கின. இன்றும் அப்படியே எழுதுகிறார்கள். உண்மையில் ஹில்லரிக்கு ஒப்படைக்கப்பட்ட பணி, ஃபூக்ஸ் வரும் வழியில் எரிபொருளும் உணவும் இறக்கி வைப்பது. மேலே நாம் போட்ட கணக்கின்படி, பாதி வழிக்கு எரிபொருளை மறுபுறத்திலிருந்து யாராவது கொண்டுவந்து வைக்காவிட்டால் கண்டத்தைக் கடக்க முடியாது. பந்தயம் என்று சொன்னவுடன் இந்தக் கணக்கு மறைந்து விடுகிறது. ஹில்லரி தமக்கிட்ட வேலைக்கு மேலே போய்த் துருவத்தைத் தொட்டார் என்பதும் உண்மைதான். அந்த ஆசையை நான் மறைக்கவில்லை. ஆனால் கிடங்கு வைத்த பிறகுதான் அவர் ஆசைப்பட்டார்.

பெர்குசன் என்ற பெயர் நமக்கும் புதிதன்று. மாஸி பெர்குசன் டிராக்டர்களை 1960இல் தொடங்கிய சென்னை டாஃபே நிறுவனம் நம் வயல்களில் இறக்கியது. தாராபுரம் பக்கம் கரும்பு ஏற்றி வரும் வண்டிக்கும் துருவம் கண்ட வண்டிக்கும் ஒரே குலம் என்று சொன்னால் எத்தனை மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்!

தட்சிண கங்கோத்ரிக்கு என்ன ஆயிற்று?

சில ஆண்டுகளுக்கு முன் பல்லடம் பக்கத்தில் ஒரு பள்ளியில் வினாடி வினா நடத்தப் போயிருந்தேன். வழக்கமான மூன்று கேள்விகளும் வந்தன. வழக்கமான மூன்று விடைகளும் வந்தன. அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, “அந்த மொத ஸ்டேஷன் என்னாச்சுங்க சார்?” என்று கேட்டாள். வினாத்தாள் தயாரித்தவர், “அது பாடத்துல இல்லம்மா, உக்காரு” என்றார். அன்றைய நிகழ்ச்சியில் கேட்கப்பட்ட ஒரே அறிவியல் கேள்வி அதுதான்.

அந்தக் கேள்விக்கு விடை காண்போம். எஸ்.இசட். காசிம் தலைமையில் 21 பேர் கொண்ட முதல் இந்தியக் குழு, ‘போலார் சர்க்கிள்’ என்ற நார்வே நாட்டுக் கப்பலில் 1981 டிசம்பர் 6இல் கோவாவிலிருந்து புறப்பட்டு, 1982 ஜனவரி 9இல் அண்டார்க்டிகாவில் இறங்கியது. அடுத்த ஆண்டு வி.கே. ரெய்னா தலைமையில் இரண்டாவது குழு சென்றது. மூன்றாவது பயணத்தில், ஹர்ஷ் குப்தா தலைமையில் 81 பேர், ‘ஃபின்போலாரிஸ்’ கப்பலில் 1983 டிசம்பரில் புறப்பட்டார்கள். ஒரே கோடைக்குள், ராணுவப் பொறியாளர்களின் உழைப்பில், ஆயத்தப் பகுதிகளைப் பொருத்தித் தட்சிண கங்கோத்ரி எழுப்பப்பட்டது. கர்னல் எஸ்.எஸ். சர்மா தலைமையில் 12 பேர் அந்த 1984ஆம் ஆண்டின் குளிர்காலம் முழுவதும் அங்கேயே தங்கினர். பெருமைக்குரிய செயல், ஐயமே இல்லை.

(நிலையம் கட்டியதால்தான் அண்டார்க்டிக் ஒப்பந்தத்தில் நமக்கு ஆலோசனை உறுப்பினர் தகுதி கிடைத்தது என்று சிலர் எழுதுகிறார்கள். தேதிகளைப் பாருங்கள். இந்தியா ஒப்பந்தத்தில் சேர்ந்தது 1983 ஆகஸ்டு 19; ஆலோசனைத் தகுதி பெற்றது செப்டம்பர் 12. நிலையம் கட்டப்போன கப்பல் கோவாவை விட்டதே டிசம்பரில்.)

அந்த நிலையம் நின்ற இடம் நிலமன்று. கண்டத்தின் விளிம்பிலிருந்து கடலின்மேல் நீண்டு மிதக்கும் தடித்த பனித்தட்டு அது. அங்கே பெய்யும் பனி உருகுவதில்லை. ஆண்டுக்காண்டு அடுக்கடுக்காகச் சேரும். காற்று வேறு சறுக்குப் பனியை அள்ளி வருகிறது. குறுக்கே ஒரு கட்டடம் நின்றால் அதன் மறைவில் காற்றின் வேகம் குறையும். வேகம் குறைந்த காற்று, சுமந்து வந்ததை அங்கேயே கொட்டிவிட்டுப் போகும். ஆற்றில் பாறைக்குப் பின்னால் மணல் திட்டு விழுவதைப் போல. தட்சிண கங்கோத்ரியும் இப்படித்தான் புதைந்தது. 1990இல் ஆய்வு நிலையமாக இயங்குவது நின்று, பின்னர் பொருள்கள் வைக்கும் கிடங்காகப் பயன்பட்டது. மாணவியின் கேள்விக்கு விடை இதுதான்.

இது முன்பின் தெரியாத விபத்தா? அல்ல. பிரிட்டிஷார் 1956 முதல் வேறொரு பனித்தட்டின்மேல் ஹாலி என்ற நிலையத்தைக் கட்டி வந்தார்கள். முதல் நான்கு ஹாலிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பனிக்குள் போயின. பனித்தட்டில் கட்டினால் புதையும் என்பது 1983க்குள் உலகறிந்த செய்தி. அப்படியானால் நம்மவர் ஏன் அங்கே கட்டினார்கள்? என் கணிப்பு இது: பாறைத் தரை உண்டு, ஆனால் அது ஷிர்மாக்கர் சோலை என்ற இடத்தில், பனித்தட்டின் விளிம்பிலிருந்து 80, 100 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. திருப்பூரிலிருந்து பாலக்காடு போகும் தூரம். ஒரே கோடையில், பழகாத வழியில், ஒரு முழு நிலையத்தின் பாரத்தை அங்கே இழுத்துச் செல்லும் வண்டிவலு அன்று நம்மிடம் இல்லை. கப்பலுக்குப் பக்கத்தில் கட்டினால் இழுவைத் தூரம் மிச்சம்; ஆயுள் நட்டம். தெரிந்தே செய்த பேரம் அது என்றே நினைக்கிறேன். அந்தப் பேரத்தை நான் குறை கூறவில்லை. அதை மறைத்து, ‘வெற்றி, வெற்றி’ என்று மட்டும் எழுதுகிறோமே, அதைத்தான் குறை கூறுகிறேன். நிலையம் புதைந்ததைச் சொன்னால் நாட்டுக்கு இழுக்கு என்று எண்ணுகிறார்கள் போலும். நான்கு நிலையங்களைப் புதைத்த பிரிட்டிஷார் அவற்றுக்கு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிட்டு வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கை இருந்ததால்தான் ஐந்தாவதற்குக் கால் வைத்து உயர்த்தினார்கள். ஆறாவதற்குச் சறுக்குப் பாதம் வைத்தார்கள். 2016-17 கோடையில், பனித்தட்டில் வெடிப்பு நெருங்கியபோது, ஆறாம் ஹாலியின் பகுதிகளைத் தனித்தனியாகக் கழற்றி, டிராக்டர்களால் 23 கிலோமீட்டர் இழுத்துப்போய் வேறிடத்தில் நிறுத்தினார்கள். கட்டடத்துக்குச் சரக்கு கொண்டுவந்த டிராக்டர், கட்டடத்தையே சரக்காக்கிக் கொண்டு போயிற்று.

நாமும் கற்றுக்கொள்ளாமலில்லை. சில கோடைகளில் வழி பழகிய பின், 1989இல் மைத்ரி ஷிர்மாக்கர் பாறைத் தரையில், கால்களின்மேல் எழும்பியது. பக்கத்தில் பிரியதர்ஷினி என்று பெயரிட்ட ஏரி; நன்னீருக்குக் குறையில்லை. புதையும் அபாயம் தீர்ந்தது. ஆனால் ஆண்டுதோறும் பனித்தட்டின் விளிம்பில் இறக்கிய சரக்கை அத்தனை தூரம் இழுக்கும் பாரம் வந்து சேர்ந்தது. பிஸ்டன்புல்லி என்ற ஜெர்மன் சங்கிலிப் பட்டை வண்டிகள், சறுக்குப் பலகை பூட்டிய கண்டெய்னர்களை இழுத்துச் செல்கின்றன. பனிச்சரிவுகளில் விளையாட்டுக்காகப் பனியைச் சமன்படுத்த உண்டான வண்டி அது.

பாரதியோ இன்னும் சுவையானது. 2012இல் லார்ஸ்மன் குன்றுகளில், கடலோரப் பாறையில், கால்களின்மேல் நின்றது. அதன் உடல் 134 கப்பல் கண்டெய்னர்களால் ஆனது! சரக்கைக் கொண்டுவரும் பெட்டியே அறையாகிவிட்டது. வெளியே காற்றை வழுக்கி அனுப்பும் ஓர் உறை. பெட்டியைக் காலியாகத் திருப்பி அனுப்பும் வேலை இல்லை. அவிநாசி சாலையில் வரிசையாகப் போகும் கண்டெய்னர் லாரிகளை நாள்தோறும் பார்க்கும் நம் பிள்ளைகளுக்குப் ‘பாரதி’ என்ற ஒற்றைச் சொல் விடையை விட்டுவிட்டு இதைச் சொல்லிப் பாருங்கள்.

வண்டியும் மாறிக்கொண்டே வருகிறது. 2010 நவம்பரில் ரசிக் ரவீந்திரா தலைமையில் எட்டு இந்தியர்கள் மைத்ரியிலிருந்து தரைவழியே தென்துருவம் சென்றார்கள். அவர்கள் சென்றவை சங்கிலிப் பட்டை வண்டிகளல்ல. காற்றைக் குறைத்து ஓட்டக்கூடிய அகன்ற டயர் பொருத்திய ஐஸ்லாந்து நாட்டுக் கார்கள். ஸ்னோ க்ரூஸர் தோற்ற டயர், எடையைக் குறைத்துப் பரப்பைக் கூட்டியதும் ஜெயித்துவிட்டது. 2014 டிசம்பரில் மனோன் ஓசவோர்ட் என்ற டச்சுப் பெண்மணி, டயரில் ஓடும் மாஸி பெர்குசன் டிராக்டரில் தென்துருவம் சென்று திரும்பினார். அவர் புறப்பட்ட நோவோ தளம் மைத்ரிக்குப் பக்கத்து வீடு.

மைத்ரிக்கும் வயதாகிவிட்டது. 2024 மே மாதம் கொச்சியில் நடந்த அண்டார்க்டிக் ஒப்பந்தக் கூட்டத்தில், ‘மைத்ரி 2’ என்ற புதிய நிலையத்தை அமைக்கும் எண்ணத்தை இந்தியா தெரிவித்தது. அது எழும்போது நம் செய்தித்தாள்கள் பக்கம் பக்கமாக எழுதும். பொது அறிவு நூல்களில் நான்காவது வினா சேரும். படிக்கும்போது ஒரு பென்சிலை வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் எத்தனை டன், கப்பல் நின்ற இடத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர், எந்த வண்டி, அதை ஓட்டியவர் யார் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஆசிரியருக்கு ஓர் அஞ்சலட்டை போட்டுக் கேளுங்கள்.